‘தி பிளாக்கோட்ஸ் டாட்டர்’: பனிக்காலப் பேய்ப்படம் ஒன்றைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறைபனியும் தனிமையும் சேர்ந்து மிரட்டும் படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். பெயரைச் சொன்னதும் ‘கேள்விப்பட்டதே இல்லையே’ என்பார்கள். பார்த்துவிட்டு வந்தவுடன் சரமாரியாகக் கேள்விகள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். முற்பகுதியில் கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும் இடம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன? முடிச்சை அவிழ்க்காமல் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி. பிராம்ஃபோர்ட் என்ற கத்தோலிக்கப் பெண்கள் விடுதிப் பள்ளி. பிப்ரவரி மாத விடுமுறை தொடங்குகிறது. பெற்றோர்கள் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு மாணவிகளை அழைத்துப்போக மட்டும் யாரும் வரவில்லை. மூத்தவள் ரோஸ், வேண்டுமென்றே வீட்டுக்குத் தவறான தேதியைச் சொல்லியிருக்கிறாள். கர்ப்பமாக இருப்போமோ என்ற சந்தேகம் அவளுக்கு, அதைத் தீர்த்துக்கொள்ள அவகாசம் வேண்டும். இளையவள் கேத்ரின், பெற்றோருக்காகக் காத்திருக்கிறாள். அவர்கள் வருவதாகத் தெரியவில்லை. பள்ளியில் மிஞ்சுவது இந்த இருவரும், பொறுப்புக்கு இருக்கும் இரண்டு பெண்மணிகளும்தான்.

இதற்கிடையே இன்னொரு கதையும் ஓடுகிறது. ஜோன் என்ற இளம்பெண் பனிக்கால இரவில் பஸ் நிலையத்தில் தனியாக நிற்கிறாள். நடுத்தர வயதுத் தம்பதி ஒருவர் இரக்கப்பட்டுத் தங்கள் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். கார் போகும் திசையில்தான் அந்தப் பள்ளி இருக்கிறது.

படத்தில் கேத்ரினைப் பெரும்பாலும் சுருக்கமாக ‘கேட்’ என்றுதான் அழைக்கிறார்கள். தமிழில் அப்படி எழுதினால் வாசல் கதவுதான் கண்முன் வருகிறது. ஆகவே முழுப்பெயரையே எழுதுகிறேன்.

யார் எடுத்த படம்?

ஆஸ்குட் பெர்கின்ஸ் எழுதி இயக்கிய முதல் படம். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் நார்மன் பேட்ஸாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸின் மகன் இவர். 1983-இல் வந்த ‘சைக்கோ 2’ படத்தில் சிறுவயது நார்மனாகச் சில நொடிகள் தலைகாட்டியதும் இவர்தான். ஒளிப்பதிவு ஜூலி கிர்க்வுட். இசையமைத்தவர் ஆஸ்குட் பெர்கின்ஸின் தம்பி எல்விஸ் பெர்கின்ஸ். கேத்ரினாக கீர்னன் ஷிப்கா, ரோஸாக லூசி பாயிண்டன், ஜோனாக எம்மா ராபர்ட்ஸ், காரில் வரும் தம்பதியாக ஜேம்ஸ் ரெமாரும் லாரன் ஹாலியும் நடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல படம் என்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

பாதிப் பழி வெளியீட்டு முறையின் மேல். 2015 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் ‘பிப்ரவரி’ என்ற பெயரில் முதல் காட்சி நடந்தது. அமெரிக்காவில் மக்கள் பார்க்கக் கிடைத்தது 2017-இல்தான். அதுவும் முதலில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாக, பிறகு மார்ச் இறுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய திரையரங்குகளில். நடுவில் படத்தின் பெயரும் மாறிவிட்டது. விழாவில் பார்த்தவர்கள் ஒரு பெயரில் பாராட்டி எழுத, ஒன்றரை ஆண்டு கழித்து வேறு பெயரில் படம் வந்தால் எந்தப் பாராட்டு எந்தப் படத்துக்குப் போய்ச் சேரும்?

மீதிப் பழி படத்தின் மேலேயே. முன்னோட்டம் பார்த்து நான்கு இடத்தில் அலறலாம் என்று நம்பி உட்கார்ந்தவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் வெறும் நடைபாதையும் விளக்கு நிழலும்தான் கிடைக்கும். நானே முதல் முறை பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் கழித்து, எல்லோரும் தூங்கிய பிறகு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் எதைத் தவறவிட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

பெர்கின்ஸ் 2024-இல் எடுத்த ‘லாங்லெக்ஸ்’ உலகெங்கும் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் பிறகு ‘இந்த ஆள் முன்பு என்ன செய்தார்’ என்று தேடிப்போகிறவர்கள் இந்தப் படத்துக்கு வந்து சேர்கிறார்கள். தாமதமாகத்தான் என்றாலும் நல்லது.

தலைப்புக்கு என்ன பொருள்?

‘பிளாக்கோட்’ என்பது ஆங்கிலத்தில் பாதிரியாரைக் குறிக்கும் பழைய பேச்சுவழக்கு. கறுப்பு அங்கி அணிந்தவர் என்பதால் வந்த பெயர். அப்படியானால் ‘பாதிரியாரின் மகள்’ என்றும் கொள்ளலாம். ஆனால் இந்தப் படத்தில் கறுப்பாக நிற்கிற உருவம் பாதிரியார் ஒருவர் மட்டுமில்லை. யாருக்கு மகள் என்பதுதான் தலைப்பு விட்டுவைக்கும் கேள்வி. எனக்கு என்னவோ ‘பிப்ரவரி’ என்ற பழைய பெயரே பிடித்திருக்கிறது. ஒரு மாதத்தின் பெயரை மட்டும் வைத்துப் பயமுறுத்த ஒரு துணிச்சல் வேண்டும்.

நிஜமாகவே பயமாக இருக்குமா? திடுக்கிட வைக்கும் காட்சிகள் உண்டா?

திடுக்கிடல் ஒன்றிரண்டுதான். இந்தப் படம் வேறு வகையில் வேலை செய்கிறது. இருட்டான நடைபாதையின் கடைசியில் பொதுத் தொலைபேசி ஒன்று மாட்டியிருக்கிறது. அது மணியடிக்கிறது. கேத்ரின் எடுத்துப் பேசுகிறாள். காட்சியில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வரத் தோன்றும்.

கடைசி அரை மணி நேரத்தில் கத்தியும் ரத்தமும் உண்டு. குறைவான நேரம்தான் என்றாலும் மிகக் கொடூரமாக இருக்கும். பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

பனியும் குளிரும் வெறும் பின்னணிதானா?

இந்தக் கேள்விக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

பனிக்காலத் திகில் படங்களில் பனி பொதுவாகச் செய்யும் வேலை ஒன்றுதான்: வழியை அடைப்பது. சாலை மூடிவிடும், தொலைபேசிக் கம்பி அறுந்துவிடும், பாத்திரங்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். இந்தப் படத்தில் சாலை திறந்தேதான் இருக்கிறது. ரோஸ் இரவில் காதலனோடு காரில் வெளியே போய்த் திரும்பியும் வருகிறாள். தொலைபேசி வேலை செய்கிறது, சற்று அதிகமாகவே. யாரும் அடைபட்டிருக்கவில்லை. அழைத்துப்போக ஆள் வரவில்லை, அவ்வளவுதான். அடைபட்ட தனிமையைவிட இந்தத் தனிமை கொடியது.

இனி சத்தத்தைக் கவனியுங்கள். புதிதாக விழுந்த பனியின் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகள் இருக்கும். அவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பனி பெய்து முடிந்ததும் ஊர் முழுவதும் காதில் பஞ்சடைத்தாற்போல் ஆவது அதனால்தான். வெளியே அப்படி ஒரு நிசப்தம் இருந்தால் கட்டடத்துக்குள் கேட்கும் சிறு ஒலியும் பெரிதாகும். குழாய்களின் முனகல், மாடியில் காலடி, எங்கோ அடித்தளத்தில் கொதிகலனின் உறுமல். எல்விஸ் பெர்கின்ஸின் இசை அந்த உறுமலிலிருந்தே முளைத்து வருவதுபோல இருக்கும். எது இசை, எது கட்டடம் என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, வெப்பம். ஜன்னல்கள் நீலம், முகங்கள் வெளுப்பு, படுக்கை விரிப்புகள் வெள்ளை. படம் முழுக்கக் கதகதப்பான நிறமே அபூர்வம். அந்தப் பள்ளியில் நெருப்பு எரியும் இடம் ஒன்றே ஒன்று, கொதிகலன் அறை. குளிரில் விட்டுச் செல்லப்பட்ட ஒரு பெண் எங்கே போய் ஒதுங்குவாள் என்பதற்குப் படம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பார்க்காதவர்களுக்கு இதற்கு மேல் சொல்லக் கூடாது.

எங்கே படமாக்கினார்கள்?

கதை நியூயார்க்கில் நடந்தாலும் படப்பிடிப்பு நடந்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒட்டாவாவுக்குத் தெற்கே இருக்கும் கெம்ப்ட்வில் என்ற சிற்றூரில். திரையில் மூச்சுக் காற்று புகையாக வெளிவருகிறதே, அதில் நடிப்பு ஏதும் இல்லை.

பள்ளிக்கு ‘பிராம்ஃபோர்ட்’ என்று பெயர் வைத்ததில் ஏதாவது இருக்கிறதா?

‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968) படத்தில் சாத்தானை வணங்குபவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் பிராம்ஃபோர்ட் என்றுதான் பெயர். இந்தப் படத்தில் கர்ப்பச் சந்தேகத்தோடு இருப்பவளின் பெயர் ரோஸ். தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இனிமேல் வரும் பதில்களில் முடிவு தெரிந்துவிடுமா?

தெரிந்துவிடும். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான். முடிச்சு தெரிந்துவிட்டால் முதல் முறை பார்க்கும் அனுபவம் போனது போனதுதான்.

ஜோன் யார்?

கேத்ரின்தான். பள்ளிக் கதைக்கும் காரில் நடக்கும் கதைக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள் கடந்திருக்கின்றன. பள்ளியில் மூன்று பேரைக் கொன்ற கேத்ரின் மனநல மருத்துவமனையில் வளர்ந்து, அங்கிருந்து தப்பித்து, ஜோன் என்ற பெண்ணைக் கொன்று அவளுடைய அடையாள அட்டையோடு திரிகிறாள். குளியல் காட்சியில் அவள் உடம்பில் தெரியும் தழும்பு, அன்று கொதிகலன் அறையில் போலீஸ்காரர் சுட்ட குண்டின் தழும்பு. அவளைக் காரில் ஏற்றிக்கொண்ட பில்லும் லிண்டாவும் ரோஸைப் பெற்றவர்கள்.

இரண்டு வேறு நடிகைகளை வைத்து ஏமாற்றியது நியாயமா?

சிலர் இதில் கோபப்படுகிறார்கள். கீர்னன் ஷிப்காவுக்கும் எம்மா ராபர்ட்ஸுக்கும் முகச்சாயல் கொஞ்சமும் இல்லை என்பது உண்மை. வயது வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள், கதைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

என்னைக் கேட்டால் நம்மை ஏமாற்றியதில் பெரும்பங்கு பனிக்குத்தான். அந்த ஊரில் மரங்கள் மொட்டை, சாலை வெள்ளை, வானம் சாம்பல். ஒன்பது ஆண்டு கழித்தும் அதே பிப்ரவரி, அதே வெள்ளை. கோடையில் எடுத்திருந்தால் ஏதாவது ஒரு செடி வளர்ந்திருக்கும், ஒரு சுவருக்கு நிறம் மாறியிருக்கும். பனியைப் பார்த்து எந்த வருஷம் என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டும் ஒரே இரவில் நடப்பதாக நாமே எண்ணிக்கொள்கிறோம். காரில் வருபவள் பள்ளிக்குப் போய் யாரையோ காப்பாற்றப்போகிறாள் என்றுகூட நான் நம்பினேன்.

இது உண்மையில் பேய்க் கதையா, மனநோயின் கதையா?

இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பெற்றோர் விபத்தில் இறந்ததை யாரும் சொல்லும் முன்பே கேத்ரின் கனவில் காண்கிறாள்: பனியில் நசுங்கிக் கிடக்கும் கார், பக்கத்தில் அப்பா போன்ற ஒரு கறுப்பு உருவம். இதை மனநோய் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாது. மறுபக்கம், பொறுப்பில் இருக்கும் பெண்மணிகள் சாத்தானை வணங்குபவர்கள் என்ற வதந்தியை அவள் காதில் போட்டவளே ரோஸ்தான். பயந்துபோன சின்னப்பெண் அதைப் பிடித்துக்கொண்டாள் என்று வாதிடவும் இடமுண்டு.

நான் பேயின் பக்கம். காரணம், பேயோட்டும் காட்சி. மருத்துவமனைக் கட்டிலில் கேத்ரினைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பாதிரியார் ஜெபம் சொல்கிறார். அறையின் மூலையில் கொம்பு வைத்த நிழல் ஒன்று நிற்கிறது. ஜெபம் பலிக்கிறது, நிழல் மங்கத் தொடங்குகிறது. இப்படிப்பட்ட காட்சிகளில் பேய் பிடித்தவர் அலறுவார், சபிப்பார், பிறகு துவண்டு விழுந்து பழைய ஆளாகக் கண் திறப்பார். நாமும் பெருமூச்சு விடுவோம். இங்கே அந்தப் பெண் நிழலைப் பார்த்து, கிட்டத்தட்ட உதடு மட்டும் அசைய, ‘போகாதே’ என்கிறாள்.

அப்பா அம்மா இல்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைக்கப்பட்ட ரோஸ் அவளைத் தனியே விட்டுவிட்டு இரவில் ஊர்சுற்றப் போனாள். அந்தக் குளிரில் அவளோடு இருந்தது அது ஒன்றுதான். அதையும் நல்லெண்ணத்தோடு துரத்திவிட்டார்கள். மனநோய் என்று மட்டும் இதை வாசித்தால் அந்த ஒற்றைச் சொல்லின் கனம் போய்விடுகிறது. இல்லாத ஒன்று பிரிந்துபோக முடியாதே.

கொதிகலனுக்கும் சாத்தானுக்கும் என்ன தொடர்பு?

ரோஸ் இரவில் திரும்பி வரும்போது கேத்ரினைப் படுக்கையில் காணவில்லை. தேடிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்குகிறாள். கொதிகலனின் முன்னால், அதன் நெருப்பு வெளிச்சத்தில், கேத்ரின் குனிந்து குனிந்து நிமிர்கிறாள். கேமரா கிட்டே போகவில்லை. தூரத்திலிருந்து, ரோஸ் பார்க்கும் இடத்திலிருந்தே நாமும் பார்க்கிறோம். அது வழிபாடா, குளிர்காய்வதா என்று முதலில் பிடிபடுவதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகு புரியும். நரகம் நெருப்பு என்று சிறுவயதிலிருந்து சொல்லித்தரப்பட்ட பெண்ணுக்கு, அந்தப் பள்ளியில் கைநீட்டிக் குளிர்காயக் கிடைத்ததும் அதே நெருப்புதான்.

ஒரு பக்கக் குறிப்பு: ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவலிலும் (1977) ஆளற்ற பனிக்கால விடுதியில் கொதிகலன் உண்டு, அது வெடித்துத்தான் விடுதி அழிகிறது. 1980-இல் வந்த படத்தில் அந்த வெடிப்பு கிடையாது, நாயகன் பனியில் உறைந்து சாகிறான். பெர்கின்ஸின் கொதிகலன் வெடிக்கவும் இல்லை. அணைந்து கிடக்கிறது. எனக்கு அதுதான் மூன்றிலும் பயங்கரம்.

கடைசிக் காட்சியில் ஏன் அழுகிறாள்?

பில்லையும் லிண்டாவையும் கொன்று அவர்கள் தலைகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, மூடிக்கிடக்கும் பள்ளிக்குள் நுழைந்து, கொதிகலன் அறைக்குப் போகிறாள். ஒன்பது ஆண்டுக்கு முன் செய்த அதே காணிக்கை. தொட்டுப் பார்க்கிறாள். கொதிகலன் சில்லென்று இருக்கிறது. அங்கே யாரும் இல்லை. வெளியே வந்து பனிச்சாலையில் நின்று உடைந்து அழுகிறாள்.

செய்த கொலைகளுக்காக வருந்தி அழுகிறாள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடுமுறைக்கு அழைத்துப்போக ஆள் வராத முதல் நாளன்று அழாத அழுகை அது.

இயக்குநரின் சொந்த வாழ்க்கையோடு தொடர்பு உண்டு என்கிறார்களே?

ஆந்தனி பெர்கின்ஸ் 1992 செப்டம்பரில் இறந்தார். தாய் பெரி பெரென்சன் 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதிய விமானத்தில் பயணியாக இருந்தார். அந்தப் பெற்றோரை இழந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் எழுதி இயக்கி, மற்றவர் இசையமைத்த படம், அழைத்துப்போக வராத பெற்றோரைப் பற்றியது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

குறையே இல்லையா?

உண்டு. பொறுப்பில் இருக்கும் இரண்டு பெண்மணிகளும் சாவதற்காகவே எழுதப்பட்ட பாத்திரங்கள்போல நிற்கிறார்கள். எம்மா ராபர்ட்ஸுக்கு முக்கால் படம் வெறித்துப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை. ரகசியத்தைக் காப்பாற்ற அவருடைய நடிப்பைப் பலி கொடுத்துவிட்டார்கள். சில காட்சிகளில் மௌனத்தை ஒரு நிமிடம் குறைத்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்க்கலாம்?

பனிச்சாலையில் காரில் மாட்டிக்கொள்ளும் இருவரின் கதையான ‘விண்ட் சில்’ (2007), அலாஸ்காவில் எண்ணெய் தேடும் குழுவைப் பற்றிய ‘தி லாஸ்ட் விண்டர்’ (2006). இரண்டும் இதே அளவுக்குக் கவனிக்கப்படாதவை. முதலாவது எளிமையானது, இரண்டாவது கடைசிப் பத்து நிமிடத்தில் சற்றுத் தடுமாறும்.

இரண்டாம் முறை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பள்ளி நிகழ்ச்சியில் கேத்ரின் பியானோ வாசிக்கும்போது பார்வையாளர் வரிசையில் காலியாக இருக்கும் இரண்டு நாற்காலிகள். ரோஸைப் பார்த்து அவள் பேசும் சின்னச் சின்ன வாக்கியங்கள். முதல் முறை அசட்டுத்தனமாகத் தோன்றியவை இப்போது எச்சரிக்கையாகக் கேட்கும்.

முக்கியமாக, உணவகத்தில் பில் தன் மகளின் புகைப்படத்தை எடுத்துக் காட்டும் இடம். ஜோனைக் கண்டபோது மகளின் ஞாபகம் வந்தது என்பதால்தான் அவர் அவளை ஏற்றிக்கொண்டார். இப்படி ஒரு சந்திப்பு அமைந்ததில் கடவுளின் கை இருப்பதாகவும் நம்புகிறார். லிண்டாவுக்கு அந்தச் சாயல் தெரியவில்லை, அதை ஜோனிடமே சொல்லியும்விடுகிறாள். ஜோன் படத்தைப் பார்க்கிறாள், முகத்தில் எதையும் காட்டாமல் எழுந்துபோய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே போய் அழுவாள் என்று முதல் முறை எதிர்பார்த்தேன். சத்தம் வெளியே கேட்காமல் சிரிக்கிறாள்.